கறுப்புக்கு அடியில் ரோஜா நிறம்

அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில், வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் ஒரு கராஜ் சேலில் வாங்கிய பழைய பொம்மை ரயில் எஞ்சின் அது. கறுப்பு நிறம், நல்ல கனம், ஆனால் ஓடவில்லை. பள்ளிக்கூட ஹாலில் நடந்த ரயில் கண்காட்சிக்கு மனைவியோடும் ஆறு வயது மகளோடும் அதை எடுத்துப் போனேன்.

"இந்த ஓட்டை இரும்புக்காக ஒரு சனிக்கிழமையையே வேஸ்ட் பண்றீங்களே," என்றாள் மனைவி.

பழைய ரயில்களைப் பழுது பார்த்து, மதிப்பும் சொல்லும் அமெரிக்கர் ஒருவர் திருகுகளைக் கழற்றி எஞ்சினின் மேல்கூட்டைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே அசையாமல் நின்றார்.

"டாடி, இட்ஸ் பிங்க்!" என்று மகள் கத்தினாள். உள்விளிம்பு முழுக்க ரோஜா நிறம்.

ஐம்பதுகளில் சிறுமிகளுக்கென்றே இந்த நிறத்தில் ரயில் விட்டார்களாம். வாங்க ஆளில்லாமல், கடைக்காரர்கள் சிலர் மேலே கறுப்பைப் பூசி விற்றார்களாம். இன்று சேகரிப்பவர்கள் அதைத்தான் தேடி அலைகிறார்கள் என்றார் அவர்.

"அப்போ கறுப்பச் சுரண்டி எடுத்துடலாமா?" மனைவியின் குரல் தணிந்திருந்தது.

நான் அவரிடம் கேட்டேன். பதறிப்போய் எஞ்சினைக் கையால் மூடிக்கொண்டார். அந்தக் கறுப்பும் அது கடந்துவந்த காலம்தான், தொடாதீர்கள் என்றார்.

பிறகு எண்ணெய் விட்டு, அறுந்த ஒயரை ஒட்டி, தண்டவாளத்தில் வைத்தார். முன்விளக்கு எரிந்தது. எஞ்சின் ஒருமுறை குலுங்கி, புகை கக்கிக்கொண்டு கிளம்பியது. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து சூழ்ந்து நின்றார்கள். விற்பீர்களா என்று ஒருவர் கேட்டதற்கு, என்னை முந்திக்கொண்டு மகள் "நோ" என்றாள். மனைவி மண்டியிட்டு, தண்டவாள மட்டத்துக்கு முகத்தை இறக்கி, அது தன்னை நோக்கி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.