பதிவின் கீழே ஒரு சாட்சி

எங்கள் சபைக்கு ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் இருக்கிறது. நடத்துவது என் மனைவி. விடிந்ததும் ஒரு வசனத்தைப் படத்தின் மேல் எழுதிப் போட்டுவிடுவாள். அதன் கீழே வந்து விழும் குப்பையை அள்ளுவது என் வேலை. நான் கேட்டு வாங்கிய வேலை இல்லை. அரக்கோணத்துக்கு ரயிலில் சும்மாதானே உட்கார்ந்து போகிறீர்கள் என்று என் தலையில் கட்டிவிட்டாள். கிருத்திகை அன்று திருத்தணி ஸ்டேஷனில் ஒரு நாள் ஏறிப் பார்த்தால் தெரியும், உட்கார்ந்து போகிற லட்சணம்.

குப்பையும் லேசுப்பட்டதல்ல. ஆறுதல் வசனத்தின் கீழே ஒருவன் 'ஹலோ டியர், உங்கள் சிரிப்பு அழகு' என்று எழுதியிருந்தான். படத்தில் இருந்தது ஓர் ஆட்டுக்குட்டி. இன்னொருவன் செருப்பு விற்பான். மற்றொருவன் பத்தே நாளில் கோடீஸ்வரன் ஆக்குகிறேன் என்பான். நான் ஒவ்வொருவனையும் வாய்க்குள் திட்டிக்கொண்டே நீக்குவேன். திட்டாமல் எடுக்கக் கூடாதா என்று என் மனைவி கேட்பாள். எனக்குத் திட்டாமல் எடுத்தால் எடுத்த மாதிரியே இருக்காது.

அன்று காலை ரயிலில் பக்கத்தைத் திறந்தால், முந்தின நாள் பதிவின் கீழே ஒரே கூட்டம். மேலே யாரோ முகம் தெரியாத பெண்ணின் பெயரில் ஒரு பத்தி. இங்கிலீஷில் வந்ததை ஃபோனே தமிழாக்கிக் காட்டியது. 'என் கணவர் என்னையும் பிள்ளைகளையும் விட்டுச் சென்றார். நான் இரவும் பகலும் அழுதேன். இந்த மனிதர் அவரை என்னிடம் திரும்பக் கொண்டுவந்தார். இப்போது எங்கள் வீட்டில் சமாதானம் உள்ளது.' கடைசியில் அந்த மனிதரின் நம்பர். பிரிந்தவரைச் சேர்த்து வைக்கிறேன் என்று பணம் பறிக்க உலகம் பூராவும் ஒட்டித் திரியும் மோசடி. அதன் கீழே முதல் ஆளாக என் மனைவி, 'ஸ்தோத்திரம் சகோதரி' என்று எழுதி இரண்டு கைகளையும் கூப்பியிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் ஏமாந்ததில் ஆச்சரியம் இல்லை. வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் எங்கள் பெண்கள் எழுந்து சொல்லும் சாட்சி அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். பட்ட கஷ்டம் முதலில், கிடைத்த விடுதலை பிறகு. நம்பர் கொடுப்பதும் உண்டு, ஜெபத்துக்கு. கஷ்டம் தீர்ந்தவர்கள்தான் எழுந்து பேசுவார்கள். தீராதவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். யாரும் போட்ட சட்டம் இல்லை, எனக்கு நினைவு தெரிந்து அப்படித்தான்.

நீக்கப் போனேன். நீக்கினால் கீழே உள்ள பதில்களும் போய்விடும், பரவாயில்லையா என்று ஃபோன் கேட்டது. சரி, என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஆமென்களுக்கு நடுவில் கே.ஜி.கண்டிகைப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள். அவளை எனக்குத் தெரியும். கழனி வேலைக்குப் போகிறவள், இரண்டு சின்னப் பிள்ளைகள். வீட்டுக்காரர் திருப்பதிப் பக்கம் வேலையில் இருக்கிறார், லீவு கிடைக்கவில்லை என்று சபை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். இங்கே, யாரோ ஒரு மோசடிக்காரனுக்குப் போட்ட பதிலில், 'அக்கா, என் வீட்டுக்காரரும் போயிட்டாரு. எங்க இருக்காருன்னே தெரியல. வெளிய சொல்ல வெக்கமா இருக்கு. உங்களுக்கு நடந்தது எனக்கும் நடக்கணும்' என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே இன்னும் இரண்டு பெண்கள், தங்கள் வீட்டு ரகசியங்களோடு.

சிரிப்பு நின்றுவிட்டது. எத்தனையோ வெள்ளிக்கிழமை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாடியவர்களிடம் சொல்லாததை இங்கே சொல்லியிருக்கிறாள். எடுத்தால் அவள் சொன்னதும் போய்விடும். விட்டால் அந்த நம்பருக்குப் பேசுவாள். அரக்கோணம் வரும்வரை திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

சாயங்காலம் மனைவியிடம் காட்டினேன். அவள் முகம் செத்துப்போனது. 'நான் ஸ்தோத்திரம் போட்டதாலதானே எல்லாரும் நம்பினாங்க' என்று சொல்லிச் சொல்லி அழுதாள். மற்ற இருவருக்கும் ஃபோனில் சொல்லிவிட்டு, அப்போதே ஆட்டோ பிடித்துக் கண்டிகைக்குப் போனோம்.

அந்தப் பெண் வாசலில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்து வந்தாள். அந்த நம்பருக்கு ஏற்கெனவே பேசிவிட்டாளாம், வீட்டுக்காரர் ஃபோட்டோவை அனுப்பியும் விட்டாளாம். இனி பணம் கேட்பான் என்று எனக்குத் தெரியும். என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அது பொய், எழுதியது ஏதோ ஏமாற்றுக் கும்பல் என்று மெல்லச் சொன்னாள்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் என் மனைவியின் கையை விடாமல் கேட்டாள்.

"அப்போ அந்த அக்காவோட வூட்டுக்காரரும் வரலியாக்கா?"

"அப்படி ஒரு அக்காவே இல்லம்மா."

"நேத்துலேர்ந்து அவங்களுக்காக ஜெபம் பண்ணிகினு இருந்தேனே" என்றாள்.

அந்தக் கும்பல் என் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அவளிடம் அதையெல்லாம் சொல்லவில்லை. அதை நீக்கினால் அவள் எழுதியதும் போய்விடும், என்ன செய்யட்டும் என்று மட்டும் கேட்டேன்.

"எடுத்துடுங்கண்ணா" என்றாள்.

அவள் கண்ணெதிரிலேயே நீக்கினேன். அன்றைக்கு நான் யாரையும் திட்டவில்லை.

வெள்ளிக்கிழமை சாட்சி நேரம். ஒருத்தி மகளுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னாள், ஒருத்திக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் ஸ்தோத்திரம் சொன்னது. அதில் பாஸ்டரம்மாவின் குரல்தான் எப்போதும் முதலில் வரும். பிறகு கண்டிகைப் பெண் எழுந்தாள். நான் கதவோரம் ஆண்கள் பக்கம் இருந்தேன். என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"என் வூட்டுக்காரரு திருப்பதியில வேலை செய்யலீங்க. எங்களை வுட்டுட்டுப் போயிட்டாரு. இன்னும் வரல" என்றாள். அவ்வளவுதான்.

இதற்கு ஸ்தோத்திரம் சொல்வதா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. அவளோ உட்காரவும் தெரியாமல், முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். முன்வரிசையிலிருந்து பாஸ்டரம்மா எழுந்தார். அவர் மகன் வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கிறான், ஒழிவில்லாததால்தான் ஊருக்கு வருவதில்லை என்பது நாங்கள் எல்லோரும் அவர் வாயாலேயே கேட்டது. நேராக அவளிடம் போய்ப் பக்கத்தில் நின்று, அவள் தோளில் கை வைத்தார்.

"ஒக்காரும்மா. என் புள்ளையும் எங்களை வேணாம்னுட்டுதான் போனான். அவனும் இன்னும் வரல."