வியாழக்கிழமை தெற்கே சூலம்

செல்வி, குமார், முதல்முறை வெளிநாடு போகிறவர் என்னென்ன ஏற்பாடு செய்யவேண்டும் என்று எழுதித் தரச் சொன்னீர்கள். நான் படித்தது எட்டாம் வகுப்பு. போனது ஒரே ஒரு நாடு, மாலத்தீவு. இருந்தது நான்கு நாள். தெரிந்ததை எழுதுகிறேன்.

தொண்ணூற்றெட்டு பிப்ரவரி. போன காரியம் என் தம்பி, உங்கள் நடராசன் சித்தப்பாவைப் பார்ப்பது. அதற்கு ஏழு வருடம் முன்னால் நம் ஊர் ஆரியசாலையில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்றான். ஜாதகம் பொருந்தவில்லை என்று மறித்தது நான்தான். அவள் வேறு வீட்டுக்குப் போனாள். இவன் மாலத்தீவுக்குத் தச்சுவேலைக்குப் போனான். ஒரு கடிதம் கிடையாது. எந்தத் தீவில் இருக்கிறான் என்பதே அங்கிருந்து திரும்பிய ஒருவர் சொல்லித்தான் தெரியும். நான் வருகிறேன் என்று எழுதினால் வேண்டாம் என்பானோ என்று சொல்லாமலே கிளம்பினேன். "தப்பு என்னோடது, வீட்டுக்கு வா." இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அத்தனை ஏற்பாடும்.

முதலில் டிக்கட். சாலைக் கடைத்தெருவில் நான் வேலைபார்த்த அரிசிக்கடைக்கு மாடியில் டிராவல்ஸ். அங்கே இருந்த சேட்டன் நல்லபடியாகத்தான் சொன்னார்.

"வியாழாழ்ச்ச போய் ஞாயறாழ்ச்ச வாங்க அண்ணாச்சி. அங்க வெள்ளிக்குத்தான் லீவு. வேலைக்காரனப் பாக்கணும்னா வெள்ளி வேணும், கேட்டோ."

"வியாழக்கிழமை தெற்கே சூலம்லா சேட்டா. வெள்ளி மேற்கே சூலம். மாலி தென்மேற்கு. அந்தத் திசைக்கு அன்னைக்குக் கால் வைக்கப்படாது."

"விமானத்துக்குக் காலில்லல்லோ!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஞ்சாங்கத்தை விரித்துக் காட்டி, திங்கள் போய் வியாழன் திரும்புவதாகப் போடச் சொன்னேன். ஐயாயிரத்து இருநூறு ரூபாய். தேதி மாற்ற முடியாத டிக்கட். மலிவு என்று அதையும் கேட்டு வாங்கினேன்.

குடை, காய்ச்சல் மாத்திரை, கொசுவத்தி, அவனுக்கு நேந்திரங்காய் வறுத்த உப்பேரி. உப்பேரி தவிர எதுவும் எடுக்கவேண்டாம். அங்கே அடிப்பதும் நம் வெயில்தான், நிற்பதும் நம் தென்னைதான். நம் கரமனை வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு ஆட்டோ நாற்பது ரூபாய்; பறந்தது ஒரு மணி நேரத்துக்குள். விமான நிலையமே தனித் தீவு. தலைநகர் மாலிக்குத் தோணியில் பத்து நிமிடம், ஒரு டாலர்.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு, சித்தப்பா இருக்கும் தீவுக்குச் சாமான் ஏற்றும் படகு ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா தூத்துக்குடிக்காரர். வெளியாள் அந்தத் தீவில் இறங்க முடியாது என்றார்.

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் தோணி வரும். எல்லாரும் இந்த ஜெட்டியிலதான் எறங்குவாங்க. இங்கனயே நில்லுங்க."

"நான் வியாழக்கிழமை போறேனே."

"பொறவு எதுக்கு அண்ணாச்சி வந்தீங்க?"

புது டிக்கட் எடுக்கலாம் என்றால் பையில் இருந்தது முப்பது டாலர். புதன்கிழமை அந்த மனிதருக்கே இரக்கம் வந்து வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக் கொடுத்தார். பொத்தானை அமுக்கினால் நாம் பேசலாம். விட்டால் எதிராள் பேசுவது அறை முழுக்கக் கேட்கும். பெஞ்சில் ஆறு பேர் இருந்தார்கள்.

அந்த வாக்கியத்தை ஊரிலிருந்தே மனப்பாடம் செய்து கொண்டுபோயிருந்தேன். பொத்தானை அமுக்கி, "சாப்பிட்டியாடே?" என்றேன்.

"அண்ணனா? மாலியிலயா?" பழைய குரல்தான். "வெள்ளிக்கிழமை வருவேன். நில்லுங்க."

"நாளைக்கு டிக்கட்."

இரைச்சலுக்கு நடுவே, "ஏன், சூலமா?" என்றான்.

பெஞ்சில் ஒருவர் சிரித்தார்.

"எனக்குப் பொண்ணு பாக்கவும் பஞ்சாங்கம். என்னைப் பாக்க வரவும் பஞ்சாங்கம். நல்லாருங்க அண்ணே."

இரைச்சலும் நின்றது. உப்பேரியைக் குமாஸ்தாவிடம் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை ஆபீஸ் பூட்டு, கதவுப் பிடியில் கட்டித் தொங்கவிட்டு அவனுக்கும் சொல்லிவிடுகிறேன் என்றார். ஒரு சீட்டு எழுதி உள்ளே வைக்கத் தோன்றவில்லை. திரும்பி வரும் விமானத்தில்தான் தோன்றியது.

ஆகவே பிள்ளைகளே, போகிற இடத்து ஆட்களுக்கு எந்த நாள் ஒழிவு என்று முதலில் கேளுங்கள். சொன்னால் காதில் போட்டுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

உங்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு. வியாழன் மதியம் வந்து சேர்ந்தேன் அல்லவா? மறுநாள் பத்தே முக்காலுக்குக் கடையில் டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாக டெலிபோன் பூத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழமை, ராகு காலம். அந்த நேரத்தில் நான் செருப்புக்கூடப் புதிதாகப் போட்டதில்லை. குமாஸ்தாவிடம் வாங்கியிருந்த படகு ஆபீஸ் எண்ணைச் சுற்றினேன். மணி அடித்தது. ஆபீஸ் பூட்டு என்று தெரியும். ஆனால் கதவு ஜெட்டியைப் பார்த்தது. உப்பேரிப் பொதியை அவிழ்க்க அவன் அங்கே வந்து நிற்கவேண்டும். உள்ளே அடிப்பது அவனுக்குக் கேட்கும்.

அடித்து ஓய்ந்தது. திரும்பச் சுற்றினேன். பன்னிரண்டு வரைக்கும் சுற்றிக்கொண்டிருந்தேன்.