டெஸ்ஸாவின் முட்டிவலி

மார்லிஸ் ஏலர்ஸ் எங்கள் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். டேவன்போர்ட்டிலிருந்து மிசிசிப்பிக் கரையோரமாக மேலே வந்தால் எங்கள் ஊர். அவள் அப்பா கைரோபிராக்டர், மருந்தில்லாமல் முதுகெலும்பை அழுத்தி நிமிர்த்தியே வைத்தியம் பார்ப்பவர். தம்பி கேலார்டும் அதே தொழில்தான். அந்த வீட்டில் யாருக்குக் காது வலித்தாலும் மாத்திரை கிடையாது. குப்புறப் படுக்கவைத்து முதுகெலும்பில் நெட்டி எடுப்பார்கள். அப்படியே வளர்ந்ததால் மார்லிஸுக்கும் டாக்டர்களைக் கண்டால் ஆகாது.

அவள் மகள் டெஸ்ஸாவுக்குப் பன்னிரண்டு வயதில் முட்டி வலிக்க ஆரம்பித்தது. கொஞ்சம் பருமனான பெண், சாஃப்ட்பால் ஆடுவாள். மார்லிஸ் அவளைத் தன் தம்பியிடம் கூட்டிப்போனாள். இடுப்பெலும்பு கோணியிருக்கிறது, வளர்கிற பிள்ளைதானே, சில தடவை வந்தால் நேராகிவிடும் என்றான் கேலார்ட். எக்ஸ்ரே எடுக்கவில்லை. கோடை முழுக்கப் போனார்கள். சடக்கென்று ஒரு சத்தம். அன்று மாலை வலி தேவலை போலிருக்கும். மறுநாள் முன்னைவிட அதிகமாக நொண்டுவாள்.

உடற்பயிற்சி ஆசிரியை, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி நடக்கிறாளே, இடுப்பை ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள் என்று சொன்னாள். எலும்பைப் பற்றி எங்கள் குடும்பத்துக்கே பாடமா என்று மார்லிஸ் அவளிடம் சண்டைக்குப் போனாள்.

பள்ளி திறந்த வாரத்தில், அம்மா ஓட்டிய பேருந்தின் படியிலேயே டெஸ்ஸா விழுந்தாள். எழ முடியவில்லை. இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலை அதன் தண்டிலிருந்து பல வாரமாக நழுவிக்கொண்டே வந்து இப்போது முழுக்க நழுவிவிட்டது, பிள்ளைகளுக்கு இடுப்புக் கோளாறு முட்டிவலியாகத் தெரிவது உண்டு என்றார்கள் ஆஸ்பத்திரியில். திருகாணி வைத்துப் பொருத்தினார்கள். கால் மட்டும் சற்றுக் குட்டையாகவே நின்றுவிட்டது.

மார்லிஸ் நேராகத் தம்பியின் கிளினிக்குக்குப் போனாள். கூடத்தில் பிள்ளைகளோடு தாய்மார்கள் காத்திருந்தார்கள். உள்ளே வா, பேசலாம் என்று கூப்பிட்டான்.

"உள்ள எதுக்கு? இவங்களும் கேக்கட்டும். எக்ஸ்ரே எடுத்தியா, இல்லையா?"

"அவ உடம்பு கனத்தால நழுவியிருக்கு, மார்லிஸ். நான் தொட்டதால இல்ல."

"நீ தொட்டதாலன்னு நான் சொல்லல. எனக்குத் தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? சொன்னா உன் வாய் வெந்துபோயிருக்குமா?"

இரண்டு பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். ஊரில் பாதிப்பேர், பெண்ணுக்கு இஷ்டத்துக்குத் தின்னக் கொடுத்துவிட்டுத் தம்பிமேல் பழி போடுகிறாள் என்று பேசினார்கள். அப்பா அவளை வீட்டுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார். கைரோபிராக்டர்களுக்கு உரிமம் தரும் மாநில வாரியத்தில் அவள் புகார் கொடுத்தாள். அவர்கள் கேலார்டை எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு, நொண்டிக்கொண்டு வரும் எந்தப் பிள்ளையையும் கேலார்ட் தொடுவதில்லை. முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். காரணம் மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் மனம் இளகுவாள் என்று நினைத்து நான்தான் இதை மார்லிஸிடம் சொன்னேன்.

"என் பொண்ணு கால் போனப்புறம் புத்தி வந்துச்சாக்கும். அதுக்கு நான் மாலை போடணுமா?" என்றாள்.

சில வருடம் கழித்து, அப்பாவின் சாவுக்கு அக்கா, தம்பி இருவரும் வந்தார்கள். தேவாலயக் கூடத்தில் ஹாம் சாண்ட்விச் பரிமாறிக்கொண்டிருந்தபோது, கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த டெஸ்ஸாவின் தோளில் கேலார்ட் கை வைத்தான்.

"இப்படி சாஞ்சு நடந்தா முதுகு கெட்டுரும்மா. ஒருநாள் வா, மாமா சரிபண்ணி விடுறேன்."

"கைய எடுங்க, மாமா."

எடுத்தான். காபி வருவதற்குள் தாயும் மகளும் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அக்காவும் தம்பியும் இன்றும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்கள். பேச்சு இல்லை.