ஆட்டுக்கு மதி

மட்டாஞ்சேரியில் இன்றைக்கும் ஆடுகள் தெரு நடுவில்தான் படுத்திருக்கும். வண்டிக்காரன்தான் சுற்றிப் போகவேண்டும். எங்கள் கறுப்பு ஆடும் மிளகுக் கிடங்கு வாசல்களில் கிடைத்ததைத் தின்று, அப்படி வளர்ந்ததுதான்.

அந்த வருஷம் தெருவிலிருந்த பெட்டைகள் எல்லாம் சினையாகிவிட்டன. எங்களுடையது மட்டும் ஆகவில்லை.

"மலட்டு ஆட்டுக்கு எதுக்குத் தீனி? பெருநாளுக்கு அறுத்துத் தள்ளு" என்றார் பெரியம்மா. அவருக்கு வாய் அதிகம். இப்போதும் அதிகம்தான். கேட்டுக்கொண்டிருந்தது அவர் தம்பி, என் மாமா. இறைச்சிக்கடை வைத்திருந்தார். எங்களுக்கும் அவருக்கும் ஒரே முற்றம்.

"பத்து நாள் இருக்குல்ல அக்கா, பார்ப்போம்" என்றார் மாமா. அடுக்களையில் மாமி பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. எனக்கு எட்டு வயது. ஆட்டைப் பற்றி மட்டும்தான் கவலை.

இரண்டு நாள் கழித்து ஆடு தீனியைத் தொடாமல், வாலை ஆட்டியபடி ஓயாமல் கத்தியது. பக்கத்து வீட்டுச் சேச்சி எட்டிப் பார்த்து, "ஆடினு மதியாணு மோளே, மாமனோடு பற" என்றார். மலையாளத்தில் மதி என்றால் போதும். ஆடு பருவத்துக்கு வந்ததையும் ஏறக்குறைய அதே சொல்லால்தான் சொல்வார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆடு வாழ்ந்தது போதும், அறுக்க மாமாவிடம் சொல் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆட்டை இழுத்துப்போய்ப் பின்கட்டுச் சாக்கு அறையில் பூட்டி, சாவியை அரிசிப் பானைக்குள் போட்டேன். தகரக் கூரையில் மழை அடித்த அடியில் அது கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. மாமா சுள்ளிக்கல் வரை தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

கண்டுபிடித்தது கிடா. சண்டை போட்டுப் போட்டு எலும்பும் தோலுமாகி, ஒரு கொம்பும் உடைந்து, இனி இது ஆகாது என்று தெருவே கைவிட்ட கிழட்டுக் கிடா. அது மழையில் நனைந்துகொண்டு அந்தக் கதவின் முன் நின்றது. மூக்கை மேலே தூக்கி, உதட்டைச் சுருட்டி வாசம் பிடித்தது. முன்காலால் கதவை உதைத்தது. அப்படியொரு பிடிவாதத்தை நான் மனிதர்களிடம் அதிகம் பார்த்ததில்லை. மாமா அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சாவி எங்கடி?"

"தர மாட்டேன். நீங்க அறுத்துடுவீங்க."

"போடி பொட்டி, மண்டு. இன்னிக்கு விட்டா இனி மூணு வாரம். அதுக்குள்ள பெருநாள் வந்துரும்."

ஒன்றும் புரியாமல் சாவியைக் கொடுத்தேன். கதவைத் திறந்துவிட்டு மாமா சந்து முனையில் நின்றார். கொழுத்த இளங்கிடாக்கள் ஓடி வந்தன. "தேடி வந்தவன் உள்ள இருக்கான், போங்கடா" என்று குடையால் விரட்டினார். தினமும் ஆடு அறுக்கிற கை அது.

பெருநாளன்று பெரியம்மா மறுபடி மலட்டு ஆடு என்று ஆரம்பித்தார்.

"சினை ஆடு அக்கா. அறுக்க முடியாது. இனி அந்தச் சொல்லு இந்த முற்றத்துல வரக்கூடாது."

எட்டு நாளில் சினை தெரிவதற்கு எந்தக் கசாப்புக்காரனுக்கும் கண் கிடையாது. மாமா அடித்துச் சொன்னார். ஐந்து மாதத்தில் ஆடு இரண்டு குட்டி போட்டது.

மாமிக்குக் கடைசிவரை பிள்ளை இல்லை. இன்னொருத்தியைக் கட்டு என்று பெரியம்மா மாமாவை வருஷக்கணக்கில் அரித்த கதை நான் பெரியவளான பிறகுதான் தெரிந்தது. மாமா கட்டவில்லை.

அன்று அவர் ஆட்டுக்காகத்தான் சண்டை போட்டார் என்று நினைத்தேன். மாமி ஆட்டுக்குக் கஞ்சித்தண்ணீர் வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அடுப்புப் புகை என்று நினைத்தேன். எங்கள் இரண்டு வீட்டிலும் அப்போதே கேஸ் அடுப்பு.