மாதிரிக்குப் போட்டுக் காட்டிய கல்யாணம்

வீடியோக்காரருக்குப் பிடிவாதம் கொஞ்சம் ஜாஸ்தி. அதிகத் தெளிவில் படம் காட்ட இரண்டு வகை வட்டுகள் வந்து, ப்ளூ-ரேயா எச்.டி. டிவிடியா என்று கம்பெனிகள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம். கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்த அவர் எச்.டி. டிவிடி பக்கம் சாய்ந்தார். வட்டை ஓட்டும் கருவி விலை குறைவு, படமும் பளிச்சென்று இருக்கிறது; இதைவிட என்ன வேண்டும்?

“ரெண்டுலயும் போட்டுக் குடுங்களேன்” என்றாள் மனைவி.

“ரெட்டைக் குதிரையில சவாரி பண்ணச் சொல்றியா? இதுதான் நிக்கும், பாரு.”

பெரிய தீர்க்கதரிசி!

அந்த வருஷம்தான் மகளுக்குக் கல்யாணம். அதையும் அவரேதான் எடுத்தார். அந்த வட்டையே ஸ்டூடியோவில் மாதிரிக்கு வைத்துக்கொண்டார். வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டி, “கண்ணிமையை ஒவ்வொண்ணா எண்ணலாம், பாருங்க” என்று பெருமையடிப்பார். ஆர்டர்கள் குவிந்தன. வட்டு தயாரான கையோடு, கேமராவில் படம் பிடித்த டேப்பை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். மகள் கல்யாண டேப்புக்கும் அதே கதிதான்.

அப்புறம் எச்.டி. டிவிடி மண்ணைக் கவ்வியது. கருவி தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். வீடுகளில் இருந்த கருவிகள் பழுதாகப் பழுதாக, ஆட்கள் வட்டும் கையுமாக வந்து நின்றார்கள். மனுஷன் தட்டிக்கழிக்கவில்லை, அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஸ்டூடியோவில் இருந்த ஒரே கருவியை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் இலவசமாகவே ப்ளூ-ரேக்கு மாற்றிக் கொடுத்தார்.

“முதல்ல நம்ம பொண்ணோடதை மாத்துங்க. இருக்கறதே அது ஒண்ணுதான்” என்று மனைவி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள்.

“நம்மளுது எங்க ஓடிப்போகுது? வாசல்ல நிக்கறவங்களை முதல்ல அனுப்பறேன்.”

எல்லோரையும் அனுப்பிவிட்டு, கடைசியில் அந்த வட்டைப் போட்டார். கருவி கொஞ்ச நேரம் கரகரவென்று சுற்றிவிட்டு வெளியே தள்ளியது. எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டியதில் முழுக்கக் கீறல். அலைந்து திரிந்து இரவல் வாங்கி வந்த இன்னொரு கருவியிலும் போட்டுப் பார்த்தார். ம்ஹூம்.

மறுநாள் மகள் வீட்டுக்குப் போய், நின்றபடியே சொன்னார். “உன் கல்யாணத்தைத் தொலைச்சுட்டேம்மா.”

அழுவாள், கத்துவாள் என்று பயந்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தாள்.

“விடுங்கப்பா. நானே அதை ஒரு தடவைக்கு மேல பார்த்ததில்ல.”

“ஏம்மா? அவ்வளவு தெளிவா இருந்துச்சே!”

“எல்லாரும் இருந்தாங்க. உங்களை மட்டும் எங்கயுமே காணோம்.”

“நான் கேமராவைப் புடிச்சிட்டு நின்னேனேம்மா. உன் கல்யாணத்தை வேற எவனையாவது எடுக்க விடுவேனா?”

“விட்டிருக்கலாம்ப்பா” என்றாள் மகள்.