வீடு பார்க்க வந்தவர்கள்

புரோக்கர் வைத்தால் இரண்டு பக்கமும் கமிஷன் பிடுங்குவான் என்று, மரக்காணத்து வீட்டை நானே விற்கக் கிளம்பினேன். சுனாமி வந்து போன அடுத்த வருஷம் அது. அலை எங்கள் தெருவரைக்கும் வரவில்லைதான். ஆனாலும் என் மனைவிக்குத் தூக்கம் போய்விட்டது. பாண்டிச்சேரிக்குப் போய்விடலாம் என்று தினமும் நச்சரித்தாள். கடலோரத்தில் வீடு என்றாலே ஆட்கள் தலைதெறிக்க ஓடிய காலம்.

அட்டையில் ‘வீடு விற்பனைக்கு’ என்று எழுதி கேட்டில் கட்டினேன். புரோக்கர் என்றால் போன் செய்துவிட்டு ஆளைக் கூட்டி வருவான். எங்கள் வீட்டுக்கோ, அடிமாட்டு விலைக்குக் கிடைக்குமா என்று, சாப்பிடும்போதும் வந்தார்கள், குளிக்கும்போதும் வந்தார்கள்.

அந்த வீட்டைக் கட்டியவர் என் அப்பா. உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரிச் சேர்த்த காசில், கொத்தனாரோடு தானும் சாந்து குழைத்துக் கட்டினார். என் கல்யாணத்தின்போது என் பெயருக்கே எழுதியும் கொடுத்துவிட்டார். இப்போது அவருக்கு இழுப்பு. பின்னறையில் படுத்திருந்தால் மூச்சு வாங்குவது வாசல்வரை கேட்கும்.

முதலில் வந்த குடும்பத்துக்கு வீடு பிடித்துத்தான் இருந்தது. பின்னறையில் அப்பாவைக் கண்டதும் அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. கணவரை ஒதுக்கமாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “பெருசு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குது. ஆகாத நட்சத்திரத்துல போயிட்டா ரூமை ஆறு மாசம் அடைச்சி வெக்கணும். நமக்கு எதுக்குங்க?” எனக்குக் கேட்டது அப்பாவுக்கும் கேட்டிருக்கும். சின்ன வீடு.

அதன் பிறகு கேட்டில் யார் தலை தெரிந்தாலும், “காத்தாட டீக்கடையில உக்காந்துட்டு வாங்கப்பா” என்பேன். ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. தன் பாயையும் தானே சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். நல்லவேளை, புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். வெட்கங்கெட்டவன் நான்.

ஒரு மத்தியானம், கேட் திறந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, திண்டிவனத்திலிருந்து ஒரு தம்பதி நேராக உள்ளேயே வந்து நின்றார்கள். அப்பா கூடத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“பெரியவர் யாருங்க?” என்று வந்தவர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேப்பரை மடித்தார். “பக்கத்து வீடுங்க. பேப்பர் பாக்க வந்தேன்.”

இல்லை, இவர் என் அப்பா என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் சொல்லவில்லை. அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த என் மனைவியும் கையை நிறுத்திவிட்டாள்.

வந்தவருக்கு ஒரே சந்தோஷம். “அக்கம்பக்கத்துல கேட்டாத்தான் உண்மை தெரியும். வீடு எப்படிங்க? மறைக்காம சொல்லுங்க.”

அப்பா மூச்சை அடக்கி அடக்கிப் பேசினார். “உப்புக் காத்துக்கு இந்தப் பக்கம் எல்லா செவுரும் பொரிஞ்சி கொட்டும். இது கொட்டல பாருங்க. தூரத்துலேர்ந்து நல்ல தண்ணி கொண்டாந்து கலவ போட்டது. நம்பி வாங்கலாம்.”

“கட்டினவரு இருக்காருங்களா?”

“இல்லீங்க. அவரு போயிட்டாரு.”

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தெருமுனை தாண்டிய பிறகுதான் அவர் இருமுவது கேட்டது. அதுவரை அடக்கி வைத்திருந்திருக்கிறார்.

வந்தவர்கள் அப்போதே வெற்றிலை பாக்கில் வைத்து அட்வான்ஸ் கொடுத்தார்கள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் பைக் கிளம்பிக் கொஞ்ச நேரம் கழித்து அப்பா வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

“போயிட்டாங்களா? உள்ள வரலாமா?”

குத்தலாகக் கேட்கவில்லை. குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். இது உங்க வீடுப்பா என்று சொல்லத்தான் நினைத்தேன்.

“வாங்க” என்றேன், விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல.