அழுக்கைக் காட்டினால்தான் உதவி

மற்ற வியாபாரிகள் தங்கள் சரக்கு நல்ல சரக்கு என்று சத்தியம் செய்து பிழைக்கிறார்கள். நான் ஊரார் மண்ணைக் கெட்ட மண் என்று நிரூபித்துப் பிழைக்கிறேன்.

கடலூரில் கோர்ட்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு சின்ன அறை, அதுதான் என் அலுவலகம். ரசாயனம் ஊறிப்போன நிலத்தைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை அரசு தருகிறது. பிறகு சில வருடம் வரியிலும் சலுகை உண்டு. அந்த உதவிக்காக மண் எடுத்து, சோதனைக்கு அனுப்பி, விண்ணப்பம் எழுதி, அது எந்த மேஜையில் தூங்குகிறதோ அங்கே போய் எழுப்பிவிடுவதுதான் என் வேலை. இதற்காகத் தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறேன். ஜெராக்ஸ் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, 'சார் மீட்டிங்ல இருக்காரு' என்ற பதிலோடு திரும்பி வந்த அன்பர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

முதல் வரி

விண்ணப்பத்தின் முதல் வரியே பலரைக் கவிழ்த்துவிடும். 'எனக்குச் சொந்தமான கீழ்க்கண்ட நிலம் மாசுபட்டுள்ளது என்று உறுதி கூறுகிறேன்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட வேண்டும். சிதம்பரத்தில் பெட்ரோல் பங்க்குக்கு நிலத்தை வாடகைக்கு விட்டு ஏமாந்த ஒருவர் வந்தார். தரைக்கடியில் டேங்க் ஒழுகி, பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் மிதந்தது. எல்லாத் தாளிலும் மளமளவென்று கையெழுத்துப் போட்டவருக்கு இந்த ஒரு தாளில் மட்டும் பேனா நகரவில்லை. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள். சம்பந்தி வீட்டார் சொத்தை விசாரிக்கும்போது, கெட்ட நிலம் என்று இவரே எழுதிக் கொடுத்தது தெரிந்தால் என்ன ஆவது?

அந்த வரி இல்லாவிட்டால் உதவியும் இல்லை என்று அரை மணி நேரம் சட்டம் பேசினேன். பொறுமையாகக் கேட்டவர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு சொன்னார்: "கெட்டுப்போச்சின்னு எழுதாம, கொஞ்சம் மேலுக்கு முடியலன்னு எழுதிக்கலாமா மேடம்?"

தயங்காத கை

ஜமீலா அக்கா வேறு ரகம். முதுநகரில் வாடகை வீடு ஒன்றில் பன்னிரண்டு பெண்களை வைத்துப் பள்ளிச் சீருடை தைக்கும் யூனிட் நடத்துகிறார். வீட்டுக்காரரின் மகன் துபாயிலிருந்து குடும்பத்தோடு திரும்புகிறானாம், பொங்கலோடு காலி செய்யச் சொல்லிவிட்டார். அதற்குள் வேறு இடம் அமையாவிட்டால் யூனிட்டை மூட வேண்டியதுதான். அந்தப் பன்னிரண்டு பேரும் விடியும் முன் பஸ் பிடித்துப் புதுச்சேரி கம்பெனிகளுக்கு ஓட வேண்டும். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதில் பாதிப் பேரால் அது முடியாது.

குடிகாட்டில் அக்காவுக்கு அவர் வாப்பா கொடுத்த நாற்பது சென்ட் நிலமும் அதில் ஒரு ஷெட்டும் இருந்தன. பழைய டிரம்களை வாங்கிக் கழுவி விற்கும் ஒருவனுக்கு அதை வாடகைக்கு விட்டிருந்தார். டிரம்மில் மிச்சமிருந்த ரசாயனத்தையெல்லாம் அவன் வருடக்கணக்காகத் தரையிலேயே கவிழ்த்திருக்கிறான். பிறகு ஒரு நாள் ஆளே காணோம். ஷெட்டுக்குள் பத்து நிமிடம் நின்றால் கண் எரிந்தது. நான் முதல் வரியைக் காட்டி, வழக்கமான பிரசங்கத்துக்குத் தொண்டையைச் செருமுவதற்குள் அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டார். "கெட்டதைக் கெட்டதுன்னு சொல்ல எனக்கென்னா மேடம் வெக்கம்? ஊத்துனவன்ல வெக்கப்படணும்!"

பக்கத்து மனைக்காரர்

என்னிடம் மண் எடுப்பவர் ஆறுமுகம். இரும்புத் துளைக்கருவியைக் கையால் திருகித் திருகி ஆள் உயரத்துக்கு இறக்கிவிடுவார். எடுத்த மண்ணை மோந்து பார்க்காதே, உடம்புக்கு ஆகாது என்று நானும் நாள் தவறாமல் திட்டுகிறேன். அவரும் நாள் தவறாமல் மோந்து பார்க்கிறார். குடிகாட்டில் நாங்கள் வேலையை ஆரம்பித்ததுமே பக்கத்து மனைக்காரர் ஓடிவந்தார். மனை விற்பனைக்குப் பலகை வைத்திருக்கிறாராம். தன் சர்வே நம்பர் எந்தக் காகிதத்திலும் வந்துவிடக் கூடாது, வந்தால் கோர்ட்டுக்குப் போவேன் என்று கத்திவிட்டுப் போனார்.

சாயங்காலம் அதே மனிதர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். அரசு உதவி தருகிற சங்கதி டீக்கடையில் காதில் விழுந்திருக்கிறது. கையில் ஒரு கேரி பேக் நிறைய அவர் மனை மண். அதையும் எங்கள் சோதனைப் பாட்டிலில் கொஞ்சம் கலந்துகொள்ள வேண்டுமாம். ஆறுமுகம் பையை வாங்கி மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "மச்சான், இதுல கத்தரிச் செடி வெக்கலாம். உன் மண்ணுக்கு ஒரு கொறையும் இல்ல, போய் நிம்மதியாத் தூங்கு."

நல்ல மனுஷன்

இந்தத் திட்டத்தில் இன்னொரு விதி உண்டு. கெடுத்தவன் அகப்பட்டால் சுத்தம் செய்யும் செலவு அவன் தலையில். அவனைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால்தான் அரசு உதவி. அதற்கு அவனுடைய கடைசி விலாசத்துக்குப் பதிவுத் தபால் அனுப்ப வேண்டும். 'ஆள் இல்லை' என்று முத்திரை குத்தித் தபால் திரும்பி வர வேண்டும். நாங்களும் அனுப்பினோம். தபால் திரும்பவில்லை. ஒப்புகைச் சீட்டு கையெழுத்தோடு வந்தது. ஆள் கிடைத்துவிட்டான் என்று எங்கள் ஃபைலை அலுவலகத்தில் கட்டி ஓரமாக வைத்துவிட்டார்கள்.

நானும் ஜமீலா அக்காவும் கோபத்தோடு அந்த விலாசத்துக்குப் போய் இறங்கினோம். அங்கே இருந்தது பஞ்சர் கடை. டிரம்காரன் காலி செய்துவிட்டுப் போன இடத்துக்கு வந்தவர், வந்த தபாலை அவன் பெயரில் கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்திருந்தார். டிரம்காரன் இங்கே இல்லை என்று அவரிடமே எழுதி வாங்கி ஃபைலை மறுபடி நகர்த்தினேன். அந்த மனிதருக்கு மட்டும் கடைசிவரை என் கோபம் புரியவில்லை. "தபால்காரரு அவ்ளோ தூரம் வெயில்ல எடுத்தாந்தாரு, திருப்பி அனுப்புனா நல்லாவா இருக்கும்?"

வரவேற்பு

கடைசிப் படி, சென்னையிலிருந்து குழு வந்து நிலத்தை நேரில் பார்ப்பது. நான் முதல் நாளே ஜமீலா அக்காவுக்குப் போன் செய்து, எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை மணிக்கு வருகிறார்கள், நிலத்தின் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று எல்லாம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் போய் இறங்கினால், வாசலில் கோலம். பாதையின் இரண்டு பக்கமும் மந்திரி வருகிற மாதிரி பிளீச்சிங் பவுடர் கோடு. கறுத்துக் கிடந்த தரை முழுக்க ஒரு லாரி செம்மண் கொட்டிச் சமமாக நிரவியிருந்தது. துருப்பிடித்த டிரம்களைச் சாமியானாத் துணி போட்டு மூடி, அதன் மேல் மோர் டம்ளர்களை வரிசையாக வைத்திருந்தார்கள். பன்னிரண்டு பெண்களும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை செய்திருக்கிறார்கள். குழுவின் தலைவியான அதிகாரி அம்மா சோதனை அறிக்கையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சோதனைக்கு அனுப்பிய மண் வேறு எங்காவது எடுத்ததா என்று கேட்டார். இந்த முறை தள்ளுபடி ஆனால் அடுத்த பரிசீலனை அடுத்த வருடம்தான். பொங்கலுக்கு இரண்டு மாதம் கூட இல்லை. அக்காவைத் தனியே இழுத்துப்போய், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று பல்லைக் கடித்தேன். அவர் கண் கலங்கிவிட்டது. "நம்ம எடத்துக்கு வர்றவங்களுக்கு யாராச்சும் அழுக்கைக் காட்டுவாங்களா மேடம்?"

செம்மண்ணுக்குக் கீழே

குழு காரில் ஏறப் போனது. அவர்களுக்கு அடுத்த இடம் சிதம்பரம். கால் மணி நேரம் கொடுங்கள் அம்மா என்று கார்க் கதவைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் எந்த அதிகாரியின் கார்க் கதவையும் நான் பிடித்ததில்லை. அன்றைக்கு விட மனசு வரவில்லை. பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நேற்று கொட்டிய செம்மண்ணைக் கூடை கூடையாக வாரினார்கள். அதற்குக் கீழே அவர்களைத் தொட விடவில்லை. கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு நானும் ஆறுமுகமும் இறங்கினோம்.

மண்வெட்டி இரண்டு அடி இறங்கியதும் தார் மாதிரி கறுப்பாக மண் வந்தது, வாசனையும் பின்னாலேயே வந்தது. குழுவில் ஒருவர் இருமினார், இன்னொருவர் நேராகத் தெருவுக்குப் போய்விட்டார். ஆறுமுகம் உற்சாகமாகி அடுத்த குழிக்கு அளவெடுத்தார். அதிகாரி அம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார்: "போதும்ப்பா, போதும்! மூடுங்க, நான் எழுதிக்கிறேன்!"

சுவருக்கு அந்தாண்டை

எழுதினார். மார்கழியில் ஆணை வந்தது. அதை நேரில் பார்த்த பிறகு முதுநகர் வீட்டுக்காரர் சித்திரை வரை பொறுத்துக்கொண்டார். கெட்ட மண் லாரி லாரியாகப் போனது, நல்ல மண் வந்தது, மேலே கான்கிரீட் போட்டார்கள். சித்திரையில் பன்னிரண்டு மெஷின்களும் குடிகாட்டில் ஓட ஆரம்பித்தன. நான் சந்தோஷத்தில் இரண்டு முறை பிரியாணி சாப்பிட்டேன். ஒரு நிபந்தனை மட்டும் பாக்கி இருந்தது. இந்த இடத்து போர் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று பலகை வைக்க வேண்டும். அதை நானே போய் ஆணி அடித்தேன். தையல்காரர்களில் வசந்தா என்பவருக்கு வீடே அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம்தான். பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்: "அதே தண்ணிதானே மேடம் எங்க வூட்டு போர்லயும் வருது? எங்களுக்கு எப்ப போர்டு வெப்பீங்க?"

வெட்கமாக இருந்தது. நாற்பது சென்ட்டின் நாலு எல்லைக்கு வெளியே நான் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. மறுநாள் காலை பாட்டில்களோடு வசந்தா வீட்டுக்குப் போனேன். விண்ணப்பத்தையும் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. ஆறுமுகம் வரிசையை ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மேடம், கருவியை இங்கயே வெச்சிட்டுப் போயிடலாம். தெனம் எதுக்குத் தூக்கிக்கிட்டு?"

என் வேலையை நான் ஒழுங்காகச் செய்தால் ஒரு நாள் எனக்கு வேலையே இல்லாமல் போக வேண்டும், ஆனால் அந்த வரிசையைப் பார்த்தால் ரிட்டையர் ஆகும்வரை எனக்கு அந்தக் கவலை கிடையாது.